வாயிருந்தால் சிங்கப்பூர் போகலாம்

‘வாயிருந்தால் வங்காளம் போகலாம்’ என்பது நம் பெரியவர்கள் சொல்லி வைத்த பழமொழி. ஜொகூர் தோட்டங்களில் இருக்கும் நமக்கு வங்காளம் வேண்டியதில்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற சிங்கப்பூர் போய் வந்தால் போதும். மகன் அங்கே தொழிற்சாலையில் வேலை செய்கிறான். மகள் அங்கே வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். பேரப்பிள்ளை பிறந்து ஆறு மாதம் ஆகிவிட்டது. பாட்டி இன்னும் தூக்கிப் பார்க்கவில்லை. ஏன் என்று கேட்டால், “கூட்டிக்கிட்டுப் போக ஆள் இல்லையே, டீச்சர்” என்று பதில் வருகிறது.

கடப்பிதழ் இருக்கிறது. பஸ்ஸுக்குப் பணமும் இருக்கிறது. இல்லாதது துணிச்சல் ஒன்றுதான். “அங்கே இங்கிலீஷ்ல கேப்பாங்களே, நான் என்னத்தச் சொல்றது?” இந்த ஒரு கேள்வி எத்தனையோ தாய்மார்களை லயத்து வாசலிலேயே உட்கார வைத்துவிடுகிறது. அழைத்துப் போக மகன் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வர வேண்டும். திரும்பக் கொண்டுவந்து விட இன்னொரு நாள். இரண்டு நாள் சம்பளம் போனால் எந்த மகனால் அடிக்கடி வர முடியும்? ‘தீபாவளிக்குப் பார்ப்போம்’ என்று தள்ளிப் போகிறது. அதற்குள் பேரன் நடக்கத் தொடங்கிவிடுகிறான்.

தோட்டப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் சொல்லிக்கொடுக்கிறவள் என்ற முறையில் ஒன்றை உறுதியாகச் சொல்வேன். ஒரு பயணம் போய் வருவதற்கு ஆங்கிலம் ‘படித்திருக்க’ வேண்டியதில்லை. வழியில் நம்மைக் கேட்கிற கேள்விகள் சில. நாம் கேட்க வேண்டிய கேள்விகள் சில. எல்லாம் சேர்ந்து இருபதைத் தாண்டாது. அவற்றை இலக்கணம் பிரிக்காமல், பாட்டை மனப்பாடம் செய்வதுபோல் முழு வாக்கியமாக வாயில் வைத்துக்கொண்டால் போதும். வாருங்கள், சிகாமட் பக்கத்திலுள்ள ஒரு தோட்டத்திலிருந்து சிங்கப்பூர்த் தேக்கா வரை போய்ப் பார்ப்போம்.

வீட்டு வாசலில்

புறப்படும்போது ‘போறேன்’ என்று சொன்னால் நம் வீட்டில் திட்டு விழும். ‘போயிட்டு வர்றேன்’ என்றுதான் சொல்ல வேண்டும். சிலர் சுருக்கமாக, ‘அப்போ நான் வர்றேன்’ என்பார்கள். தமிழில் இது அழகான வழக்கம். ஆனால் இதை அப்படியே ஆங்கிலத்தில் ‘ஐ ஆம் கமிங்’ என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டால், கேட்கிறவர் நாம் உள்ளே வரப்போகிறோம் என்று நினைத்துக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார்!

ஆங்கிலத்தில் விடைபெறும்போது ‘ஐ ஆம் கோயிங் நவ்’ என்று சொல்வதில் அபசகுனம் எதுவும் இல்லை. இன்னும் மரியாதையாகச் சொல்ல வேண்டுமானால், ‘ஐ மஸ்ட் பி கோயிங்.’ அவர்களுக்கும் நம்மைப் போலத் திரும்பிச் சந்திக்கும் எண்ணத்தோடு சொல்லும் சொல் ஒன்று உண்டு. அதுதான் ‘சீ யூ.’ மறுபடி பார்ப்போம் என்று பொருள். நம் ‘போயிட்டு வர்றேன்’ என்பதற்குப் பக்கத்தில் உட்காரக்கூடிய சொல் அதுதான்.

‘கமிங்’ எப்போது சரி? யாராவது நம்மைக் கூப்பிட்டு, நாம் ‘இதோ வர்றேன்’ என்று குரல் கொடுக்கும்போது சரி. ‘உங்கள் வீட்டுக்கு நாளைக்கு வர்றேன்’ என்று சொல்லவும் ‘ஐ ஆம் கமிங் டு யுவர் ஹவுஸ் டுமாரோ’ என்பது சரி. அந்த இடத்தில் தமிழும் ஆங்கிலமும் ஒன்றாகவே நடக்கின்றன.

தோட்டத்துச் சடக்கில்

‘எனக்கு ஒரு வார்த்தை இங்கிலீஷும் தெரியாது’ என்கிற பாட்டியின் பேச்சை ஒரு மணி நேரம் காது கொடுத்துக் கேளுங்கள். லோரி, ஸ்டோர், கேட், லைன், ஸ்டாப், லெஃப்ட், ரைட், டிக்கெட், ஓவர்டைம் எல்லாம் வந்து விழும். லோரியைப் பின்னுக்கு எடுக்கும்போது நம் ஆட்கள் ‘கோஸ்தான், கோஸ்தான்’ என்று கத்துகிறார்களே, அதுவும் ஆங்கிலம்தான். கப்பலைப் பின்னோக்கிச் செலுத்த மாலுமிகள் சொல்லும் ‘கோ ஆஸ்டர்ன்’ என்ற கட்டளை துறைமுகத்திலிருந்து கரையேறி, தோட்டத்துச் சடக்கு வரை வந்துவிட்டது. கடலையே அருகில் பார்க்காதவர்களும் கப்பல் ஆங்கிலம் பேசுகிறோம்!

இந்த நாட்டில் எல்லாருக்கும் புரிகிற இப்படிப்பட்ட சொற்களை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அவை நம் சொத்து. ஆனால் வெளியூரில் பேசும்போது மூன்றில் மட்டும் கவனம் வேண்டும்.

ஒன்று, ‘செண்ட்.’ மலாயில் ‘ஹந்தார்’ என்று சொல்கிற பழக்கத்தில், ‘ஐ வில் செண்ட் யூ’ என்கிறோம். வெளியூர்க்காரருக்கு அது கடிதத்தையோ பொட்டலத்தையோ அனுப்புவதுபோல் கேட்கும். கொண்டுபோய் விடுகிறேன் என்பதற்கு ‘ஐ வில் டிராப் யூ’ அல்லது ‘ஐ வில் டேக் யூ தேர்.’

இரண்டு, ‘ஃபாலோ.’ மலாய் ‘இக்குட்’ தந்த பழக்கம் இது. ‘கேன் ஐ ஃபாலோ யூ?’ என்றால் பின்னாலேயே தொடர்ந்து வரலாமா என்று ஆகும். கூட வரலாமா என்பதற்கு ‘கேன் ஐ கம் வித் யூ?’

மூன்று, ‘அவுட்ஸ்டேஷன்.’ ‘அவர் அவுட்ஸ்டேஷன் போயிருக்கார்’ என்றால் நம் நாட்டில் குழந்தைக்கும் புரியும். வேறு நாட்டவரிடம் ‘ஹீ இஸ் அவுட் ஆஃப் டவுன்’ என்று சொன்னால் சந்தேகம் வராது.

சிகாமட்டிலும் லார்க்கினிலும்

சிகாமட்டிலிருந்து ஜொகூர் பாருவுக்கு ரயிலும் உண்டு, பஸ்ஸும் உண்டு. இந்த ரயில் பாதையைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மலாயாவின் முதல் ரயில் 1885ஆம் ஆண்டில் தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே ஓடியது. கிம்மாஸிலிருந்து ஜொகூர் பாரு வரையிலான பாதை 1909இல் திறக்கப்பட்டது. மலாயாவில் ரயில் பாதை போட்ட கைகளில் தென்னிந்தியத் தொழிலாளர்களின் கைகள் ஏராளம். அந்தப் பாதையில் இன்று மின்சார ரயிலும் வந்துவிட்டது. பாதை போட்டவர்களின் பேத்தி அதில் ஏறிப் போகக் கூச்சப்படலாமா?

நம் நாட்டு நிலையங்களில் டிக்கெட் வாங்க ஆங்கிலம் தேவையில்லை. மலாய் நமக்குத் தெரியும்; அதையே தைரியமாகப் பேசலாம். ஆனால் ஆங்கிலத்தைப் பழகிக்கொள்ள நல்ல இடம் இதுதான். தப்பாகச் சொன்னாலும் மலாயில் திருத்திக்கொள்ளலாம் அல்லவா?

‘டூ டிக்கெட்ஸ் டு ஜொகூர் பாரு, ப்ளீஸ்.’ இரண்டு டிக்கெட் வேண்டும் என்பதற்கு இவ்வளவுதான். ‘ஐ வாண்ட்’ என்று தொடங்கினால் அதட்டுவதுபோல் இருக்கும். கடைசியில் வருகிற ‘ப்ளீஸ்’ நம் ‘கொஞ்சம் குடுங்க’ என்பதிலுள்ள ‘கொஞ்சம்’ மாதிரி. அதை மறக்கக் கூடாது.

முகப்பில் இருப்பவர், ‘ஒன் வே ஆர் ரிட்டர்ன்?’ என்று கேட்கலாம். போக மட்டுமா, போய் வரவுமா என்று பொருள். அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று நாம் கேட்க, ‘வாட் டைம் இஸ் த நெக்ஸ்ட் பஸ்?’ பலகையில் ‘டிபார்ச்சர்’ என்றால் புறப்பாடு. ‘அரைவல்’ என்றால் வருகை. ‘டிலேயிட்’ என்றால் தாமதம். ‘கெலுவார்’ என்று நாம் தினமும் பார்க்கிற பலகைக்குப் பாலத்தின் அந்தப் பக்கம் ‘எக்ஸிட்’ என்று பெயர்.

ஜொகூர் பாருவில் லார்க்கின் பஸ் நிலையத்தில் இறங்கினால், அங்கிருந்து சிங்கப்பூர் குவீன் ஸ்திரீட்டுக்கு 170ஆம் எண் பஸ் போகிறது. வரிசையில் நிற்பவரிடம், ‘எக்ஸ்க்யூஸ் மீ, இஸ் திஸ் த க்யூ ஃபார் ஒன் செவன்டி?’ என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு நில்லுங்கள். முன்பின் தெரியாதவரிடம் பேச்சைத் தொடங்க ‘எக்ஸ்க்யூஸ் மீ’ நல்ல திறவுகோல். நம் ‘ஏங்க, கொஞ்சம் கேளுங்க’ என்பது போன்றது.

பாலத்தின் இரு கரைகளில்

ஜொகூர் பாலம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளம். 1924இல் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது. நம் தாத்தாக்கள் காலத்தில் சிங்கப்பூர் போவது பக்கத்து ஊருக்குப் போவது போலத்தான். 1965இல் சிங்கப்பூர் தனி நாடானது. 1967இல் பாலத்தில் குடிநுழைவுச் சோதனை வந்தது. அன்றிலிருந்து ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கு இரண்டு வாசல்கள்.

முதல் தடவை போகிறவர்களுக்குக் குழப்பம் இங்கேதான். ஜொகூர் பாருவில் பஸ்ஸை விட்டு மூட்டை முடிச்சுகளுடன் இறங்கி, நம் நாட்டுச் சோதனையை முடித்து, மறுபடி பஸ் ஏற வேண்டும். பாலத்தைத் தாண்டியதும் உட்லண்ட்ஸில் மீண்டும் இறங்கி, சிங்கப்பூர்ச் சோதனையை முடித்து, மறுபடி ஏற வேண்டும். நாம் வந்த பஸ் நமக்காகக் காத்திருக்காது. அதே எண்ணுள்ள அடுத்த பஸ்ஸில் ஏறலாம். ஆகவே காசு கொடுத்து வாங்கிய டிக்கெட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். எதையும் பஸ் இருக்கையில் விட்டுவிட்டு இறங்காதீர்கள்.

புறப்படுவதற்கு முந்திய மூன்று நாட்களுக்குள் சிங்கப்பூர் வருகை அட்டையைக் கைத்தொலைபேசியில் நிரப்பிவிட வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. வீட்டில் படிக்கிற பிள்ளையை விட்டு நிரப்பச் சொல்லலாம்.

உட்லண்ட்ஸில் இப்போது பல வழிகளில் இயந்திரக் கதவுகள் வந்துவிட்டன. ஆனாலும் அதிகாரி கூப்பிட்டுக் கேட்கலாம். அங்கே மலாய் தெரிந்தவர்களும் தமிழ் தெரிந்தவர்களும் உண்டு. ஆனால் நமக்கு முன் யார் உட்கார்ந்திருப்பார் என்பது நம் கையில் இல்லை. ஆகவே மூன்று கேள்விகளுக்குப் பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

‘வாட் இஸ் த பர்பஸ் ஆஃப் யுவர் விசிட்?’ எதற்காக வந்தீர்கள்? ‘டு விசிட் மை டாட்டர்.’ மகனாக இருந்தால் ‘மை சன்.’

‘ஹவ் லாங் ஆர் யூ ஸ்டேயிங்?’ எத்தனை நாள் தங்குவீர்கள்? இங்கே ‘லாங்’ என்பது நீளம் அல்ல, காலம். ‘த்ரீ டேஸ்.’ தூரத்தைக் கேட்பதற்கு ‘ஹவ் ஃபார்’ என்று வேறு சொல் இருக்கிறது. இந்த இரண்டையும் பிரித்துக்கொண்டால் பாதிப் பயணம் சுலபம்.

‘வேர் ஆர் யூ ஸ்டேயிங்?’ எங்கே தங்குவீர்கள்? வாயால் சொல்வதைவிட, மகள் வீட்டு முகவரியைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி வைத்துக் காட்டுங்கள். ‘ஹியர் இஸ் த அட்ரஸ்’ என்றால் போதும்.

பெட்டியைப் பார்த்து, ‘எனிதிங் டு டிக்ளேர்?’ என்று கேட்டால், வரி கட்டக்கூடிய பொருள் ஏதாவது உண்டா என்று பொருள். இங்கே பாட்டிமார்களுக்கு ஒரு முக்கிய எச்சரிக்கை. வெற்றிலைப் பையில் இருக்கும் மெல்லும் புகையிலை சிங்கப்பூருக்குள் கொண்டு போகத் தடை செய்யப்பட்ட பொருள். அதை வீட்டிலேயே எடுத்து வைத்துவிட்டுப் புறப்படுங்கள். சிகரெட்டுக்கும் அங்கே வரி விலக்கு கிடையாது. சூயிங் கம்மும் 1992 முதல் கட்டுப்பாட்டில் உள்ளது. பேரனுக்கு முறுக்கு கொண்டு போங்கள்; போதும்.

தேக்காவுக்கு வழி

குவீன் ஸ்திரீட்டில் இறங்கினால் சிராங்கூன் சாலைப் பக்கம் நடந்தே போகலாம். நம்மவர்கள் ‘தேக்கா’ என்று சொல்லும் இடம் அது. அங்கே போய்விட்டால் ஆங்கிலம் தேவைப்படாது; பூக்கடையிலும் வீரமாகாளியம்மன் கோயில் வாசலிலும் தமிழ் போதும். அதுவரை போவதற்கும், அங்கிருந்து மகள் வீட்டுக்குப் போவதற்கும்தான் நமக்கு வாக்கியம் வேண்டும்.

‘எக்ஸ்க்யூஸ் மீ, ஹவ் டு ஐ கெட் டு லிட்டில் இந்தியா?’ இதில் ‘கெட்’ என்றால் வாங்குவது அல்ல, போய்ச் சேர்வது. இடத்தின் பெயரை மாற்றி மாற்றி இந்த ஒரு வாக்கியத்தை ஆயுள் முழுக்கப் பயன்படுத்தலாம்.

கேட்பதைவிடப் பதிலைப் புரிந்துகொள்வதுதான் சிரமம். அங்கே வேகமாகப் பேசுவார்கள். ‘ஸ்லோலி, ப்ளீஸ்’ என்று தயங்காமல் சொல்லுங்கள். யாரும் கோபிக்க மாட்டார்கள். ‘கோ ஸ்ட்ரெயிட்’ நேராகப் போங்கள். ‘டர்ன் லெஃப்ட்’ இடப்பக்கம் திரும்புங்கள். ‘க்ராஸ் த ரோடு’ சாலையைக் கடந்து போங்கள். ‘ஆப்போசிட்’ எதிரே. ‘நெக்ஸ்ட் டு’ பக்கத்தில். அவர் சொன்னதை நீங்களும் விரலை மடக்கித் திரும்பச் சொல்லுங்கள்: ‘ஸ்ட்ரெயிட், தென் லெஃப்ட்?’ தப்பாக இருந்தால் அவரே திருத்துவார்.

சிங்கப்பூரின் எம்.ஆர்.டி. ரயில் 1987இல் ஓடத் தொடங்கியது. லிட்டில் இந்தியா நிலையம் 2003இல் திறக்கப்பட்டது. ஆட்சிமொழிகள் நான்கில் தமிழும் ஒன்று என்பதால் நிலையங்களில் தமிழ் எழுத்தைப் பார்க்கும்போது நமக்கு நெஞ்சு நிறையும். ‘மைண்ட் த பிளாட்ஃபார்ம் கேப்’ என்று ஒலிபெருக்கியில் கேட்டால், மேடைக்கும் ரயிலுக்கும் இடையிலுள்ள இடைவெளியில் கால் கவனம் என்று பொருள். ‘மைண்ட்’ இங்கே மனம் அல்ல. ‘அலைட்’ என்றால் இறங்குவது. ‘இன்டர்சேஞ்ச்’ என்றால் ரயில் மாறுகிற நிலையம். சந்தேகம் வந்தால் பக்கத்தில் நிற்பவரிடம், ‘டஸ் திஸ் டிரெயின் கோ டு உட்லண்ட்ஸ்?’ என்று கேட்டுவிட்டு ஏறுங்கள்.

என் மாணவி ஒருத்தியின் பாட்டி, கித்தா மரம் சீவி, பிறகு செம்பனையில் உதிரிப்பழம் பொறுக்கி வயதானவர். ஐந்தாம் ஆண்டில் படிக்கும் பேத்திதான் அவருக்கு வாத்தியார். மத்தியானச் சோறு முடிந்ததும் திண்ணையில் பாடம் நடக்கும். நானும் இரண்டு மூன்று நாள் போய் உட்கார்ந்தேன். ஒரு நாள் யாரிடமும் சொல்லாமல் விடியற்காலை பஸ் ஏறிவிட்டார். மத்தியானம் சிங்கப்பூரிலிருக்கும் மகனுக்குத் தொலைபேசி வந்தது. “எங்கம்மா இருக்கீங்க?” “உன் பிளாக்குக்குக் கீழதான்டா நிக்கிறேன். எத்தனாவது மாடி?”

திரும்பி வந்த பிறகு அவரிடம், வழி கேட்டது எப்படி என்று விசாரித்தேன். “அந்தப் பையன் சொன்னதுல பாதி வெளங்கல, டீச்சர். ஆனா ‘லெஃப்ட்’டுன்னான். மண்டோர் சொல்ற அதே லெஃப்ட்டுதானேன்னு திரும்பிட்டேன்” என்றார். அதற்குப் பிறகு நாலு தடவை தனியாகப் போய் வந்துவிட்டார். மகனுக்கு ஒரு நாள் சம்பளமும் போகவில்லை. பேரன் இப்போது தொலைபேசியில் பாட்டி குரல் கேட்டாலே சிரிக்கிறானாம்.

வீடு திரும்பும்போது

திரும்பி வருகிற வழிக்கும் சில சொற்கள் வேண்டும். தமிழில் டவுனுக்கு, கடைக்கு, வீட்டுக்கு என்று எல்லாவற்றுக்கும் ‘க்கு’ சேர்க்கிறோம். ஆங்கிலத்தில் ‘கோ டு டவுன்’, ‘கோ டு த மார்க்கெட்’ என்று ‘டு’ வரும். வீட்டுக்கு மட்டும் வராது. ‘ஐ ஆம் கோயிங் ஹோம்.’ என் மாணவர்கள் அடிக்கடி இடறுகிற இடம் இது. ‘வீட்டுக்குப் போக வாசல் வேண்டாம்’ என்று நான் அவர்களுக்குச் சொல்லித் தருவேன். ‘டு’ என்பதுதான் அந்த வாசல்.

பஸ்ஸிலும் ரயிலிலும் இருந்தால் ‘ஆன் த பஸ்’, ‘ஆன் த டிரெயின்.’ காரில் இருந்தால் ‘இன் த கார்.’ எழுந்து நடக்க இடமுள்ள வண்டிக்கு ‘ஆன்’, குனிந்து உட்காருகிற வண்டிக்கு ‘இன்’ என்று நினைவு வைத்துக்கொள்ளலாம். வந்துகொண்டே இருக்கிறேன் என்பதற்கு ‘ஐ ஆம் ஆன் மை வே.’ வந்து சேர்ந்துவிட்டேன் என்பதற்கு ‘ஐ ஹாவ் அரைவ்ட்.’ கவலையோடு காத்திருக்கும் மகளுக்கு இந்த இரண்டு செய்தியும் போய்ச் சேர வேண்டும். அவளுக்குத் தமிழிலேயே சொல்லுங்கள், அதுதான் இனிக்கும்!

வெட்டி வைத்துக்கொள்ளப் பத்து வாக்கியங்கள்

1. எக்ஸ்க்யூஸ் மீ. – ஏங்க, கொஞ்சம் கேளுங்க.
2. ஹவ் டு ஐ கெட் டு…? – …க்கு எப்படிப் போவது?
3. வாட் டைம் இஸ் த நெக்ஸ்ட் பஸ்? – அடுத்த பஸ் எத்தனை மணிக்கு?
4. டஸ் திஸ் பஸ் கோ டு…? – இந்த பஸ் …க்குப் போகுமா?
5. ஹவ் மச் இஸ் த ஃபேர்? – பஸ் கட்டணம் எவ்வளவு?
6. ஹவ் ஃபார் இஸ் இட்? – எவ்வளவு தூரம்?
7. ப்ளீஸ் டெல் மீ வேர் டு கெட் ஆஃப். – எங்கே இறங்குவது என்று சொல்லுங்கள்.
8. ஸ்லோலி, ப்ளீஸ். – மெதுவாகச் சொல்லுங்கள்.
9. ஐ ஆம் லாஸ்ட். ப்ளீஸ் ஹெல்ப் மீ. – வழி தவறிவிட்டேன், உதவி செய்யுங்கள்.
10. தேங்க் யூ வெரி மச். – மிக்க நன்றி.

இதைச் சமையலறை நாட்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். சோறு கொதிக்கும் நேரத்தில் பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்தி வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். நீங்களும் கூடவே சொல்லுங்கள். பிள்ளைக்கும் பாடம், உங்களுக்கும் பழக்கம். ஒரு வாரத்துக்கு ஒரு வாக்கியம் என்று வைத்துக்கொண்டாலும் பத்து வாரத்தில் பத்தும் வாயில் நிற்கும். அப்புறம் கூட்டிக்கொண்டு போக ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டாம், பெட்டியைக் கட்டுங்கள்.